மதுரைப் பேச்சுச் சொற்கள்: கேட்டதும் சொன்னதும்

மதுரையில் பத்திர எழுத்தராகக் காலம் தள்ளியவன் நான். பழைய பத்திரங்களைப் படித்துப் படித்துச் சொற்கள் மேல் ஒரு கிறுக்கு வந்துவிட்டது. 'தினசரி பேசுற சொல்லு எங்கிருந்து வந்துச்சு' என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள் கீழே.

கேள்வி (செல்லூர், கல்லூரி மாணவர்): அண்ணே, 'சலம்பாதடா', 'ஓவரா சலம்புறான்' என்கிறோமே, இது சினிமாக்காரர்கள் உண்டாக்கிய சொல்லா?

பதில்: சினிமாவுக்கு முன்னால் கொட்டகை வந்ததோ இல்லையோ, இந்தச் சொல் வந்துவிட்டது தம்பி. சிலம்புதல் என்றால் ஒலித்தல், ஆரவாரம் செய்தல். அதுதான் வாயில் உருண்டு சலம்புதல் ஆனது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் திருப்பாவையில் 'புள்ளும் சிலம்பின காண்' என்கிறாள். விடிந்துவிட்டது, பறவைகளே சத்தம் போட ஆரம்பித்துவிட்டன, எழுந்திரு என்று தோழியை எழுப்புகிறாள். காலில் போடும் சிலம்பும் சத்தம் போடுவதால் சிலம்பு. நம் ஊரில் காரியம் இல்லாமல் சத்தம் மட்டும் போடுகிறவனுக்கு அந்தச் சொல்லை ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி (திருமங்கலம்): 'அவன் வில்லங்கமான ஆளு' என்பதற்கும் பத்திர ஆபீசில் வாங்கும் வில்லங்கச் சான்றுக்கும் சம்பந்தம் உண்டா சார்?

பதில்: இரண்டும் ஒன்றுதான். ஒரு சொத்தின் மேல் அடமானம், முந்தைய கிரயம் மாதிரி அடுத்தவருக்கு ஏதாவது பாத்தியதை இருந்தால் அது வில்லங்கம். வெளியே பார்த்தால் இடம் பளிச்சென்று இருக்கும்; மனு போட்டுப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். ஆளுக்கும் அதே பொருள். ஆனால் ஆளுக்குச் சான்று வாங்க ஆபீஸ் கிடையாது.

கேள்வி (மேலூர்): கூட்டாளியைப் 'பங்காளி' என்று கூப்பிட்டால் எங்க அப்பத்தா திட்டுகிறது. ஏன்?

பதில்: அப்பத்தா சொல்வதில் நியாயம் இருக்கிறது. பங்காளி என்றால் பங்குக்கு உரியவன். பாட்டன் சொத்தில் பாகம் கேட்கக்கூடிய தகப்பன் வழிச் சொந்தம். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் முறை உள்ளவர் மாமன் மச்சான். உங்கள் வீட்டுத் தெருவில் யாரை எடுத்தாலும் இந்த இரண்டில் ஒன்றுக்குள் அடைத்துவிடுவார்கள். மாமன் மச்சானிடம் கேலி பேசலாம், பங்காளியிடம் அளவோடுதான் பேச வேண்டும். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும் நாளில் என் திண்ணைக்கு வந்து பார்த்திருந்தால் அந்த அளவு எவ்வளவு என்று தெரிந்திருக்கும். கூட்டாளியை 'மாப்ள' என்று கூப்பிடுங்கள், அப்பத்தா ஒன்றும் சொல்லாது.

கேள்வி (அண்ணாநகர்): எந்நேரமும் அக்காளும் தங்கச்சியும் சண்டை போடுவதைப் பார்த்துத்தான் 'அக்கப்போர்' என்ற சொல் வந்ததா?

பதில்: அக்காமார் தப்பித்தார்கள். அக்பார் என்ற அரபுச் சொல், உருது வழியாக வந்தது. செய்தி என்று பொருள். வடக்கே செய்தித்தாளுக்கு இன்றைக்கும் அக்பார்தான். தமிழுக்கு வந்தபோது ஆதாரமில்லாத செய்தி, வதந்தி என்று இறங்கி, பிறகு வதந்தியால் வரும் தொல்லைக்கும் அதுவே பெயராயிற்று. வாட்ஸப் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி (சென்னையிலிருந்து நாராயணபுரத்துக்கு மருமகளாக வந்தவர்): மாமியார் 'பையப் போத்தா' என்கிறார். முதல் நாள், பையை எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறார் என்று நினைத்தேன்!

பதில்: மெதுவாகப் போ என்கிறார் தாயி. மாமியார் சொல்வது சுத்தமான பழந்தமிழ். 'பசையினள் பைய நகும்' என்று குறளிலேயே இருக்கிறது. மெல்லச் சிரித்தாள் என்று அர்த்தம். இதைவிட நமக்கு நெருக்கமான இடம் ஒன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் மதுரைக்கு வந்து தங்கிய மடத்துக்குத் தீ வைத்தார்கள் என்பது புராணம் சொல்லும் வரலாறு. அப்போது அவர் பாடிய திருவாலவாய்ப் பதிகத்தில், அந்தத் தீ 'பையவே சென்று பாண்டியற்கு ஆகவே' என்கிறார். பாண்டியனுக்கு வெப்பு நோய் வந்தது, ஆனால் உயிர் போகவில்லை. 'பையவே' என்று சொன்னதால்தான் ராஜா பிழைத்தான் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆகவே மாமியார் சொன்னால் பையவே போங்கள்.

கேள்வி (பழங்காநத்தம்): கூமுட்டை?

பதில்: கூழ்முட்டை. குஞ்சு பொரிக்காமல் உள்ளே கூழாகிப்போன முட்டை. அவ்வளவுதான்.

கேள்வி (வாடிப்பட்டி): வேலை இல்லாமல் இருப்பவனை 'வெட்டியா இருக்கான்' என்கிறார்கள். எதை வெட்டுகிறான்?

பதில்: ஒன்றையும் வெட்டவில்லை. இதில் கொஞ்சம் அநியாயம் இருக்கிறது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று அடிக்கடி வரும்; கூலி இல்லாமல் செய்தே தீர வேண்டிய கட்டாய உழைப்பு அது. வரியோடு வரியாக அதையும் சேர்த்து வாங்கினார்கள். ஆக, வெட்டி வேலை என்றால் நாள் முழுக்க உழைத்தும் கையில் ஒன்றும் நிற்காத வேலை. பலன் இல்லாத என்ற பொருள் மட்டும் தங்கி, உழைப்பு கழன்றுவிட்டது. இன்றைக்குச் சும்மா உட்கார்ந்திருப்பவன் பெயர் வெட்டிப்பய.

கேள்வி (உசிலம்பட்டி): முடிச்சவிழ்க்கி, பேமானி, கேப்மாரி. மூன்றும் ஒரே மாதிரித் திட்டுதானே?

பதில்: இல்லை. முடிச்சவிழ்க்கி எளிது. பணப்பை வருவதற்கு முன்னால் காசை வேட்டி நுனியிலோ சேலை முந்தியிலோ முடிந்து வைப்பார்கள். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் அந்த முடிச்சை அவிழ்த்துவிடுகிறவன்தான் அந்த ஆள். பேமானி பாரசீகம்: 'பே' என்றால் இல்லாத, 'ஈமான்' என்றால் நம்பிக்கை, நேர்மை. நேர்மை இல்லாதவன். இரண்டும் ஒருவன் செய்த காரியத்துக்காக அவனைத் திட்டுபவை.

கேப்மாரி அப்படி இல்லை. அது ஒரு சாதியின் பெயர். தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலில் இன்றும் இருக்கிறது. 1871-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறிப்பிட்ட சாதியில் பிறந்தாலே குற்றவாளி என்று பதிவேட்டில் ஏற்றிவிடலாம். கைரேகை வைக்க வேண்டும், கூப்பிட்ட நேரத்தில் ஸ்டேஷனில் ஆஜராக வேண்டும். அப்படி ஏற்றப்பட்ட பெயர்களில் ஒன்றுதான் தெருவில் வசவாகிப்போனது.

உசிலம்பட்டியிலிருந்து கேட்கிறீர்கள், உங்களுக்கு இது புதிதாக இருக்காது. உங்கள் பக்கம் இதை ரேகைச் சட்டம் என்பார்கள். 1920 ஏப்ரல் 3-ம் தேதி பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற மக்களைப் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் 1947-ல் போனது, நாடு முழுக்க 1952-ல் போனது. வசவு மட்டும் போகவில்லை. முதல் இரண்டையும் கோபம் வந்தால் சொல்லிக்கொள்ளுங்கள். மூன்றாவது என் வாயில் வராது.

கேள்வி (அதே உசிலம்பட்டிக்காரர்): அப்போ 'கேடி'? கேடு செய்பவன் கேடியா?

பதில்: கேடு என்று நினைப்பது இயல்பு, ஆனால் அதுவும் போலீஸ் பதிவேட்டிலிருந்து வந்ததுதான். 'நோன் டெப்ரடேட்டர்' (Known Depredator) என்ற இங்கிலீஷ் சொற்களின் முதல் எழுத்துகள்: கே, டி. தெரிந்த பழைய குற்றவாளி என்று அர்த்தம். ஸ்டேஷனில் கேடி லிஸ்ட் என்றே வைத்திருந்தார்கள். அங்கிருந்து இறங்கி, இப்போது ஐந்து வயதுப் பிள்ளை மிட்டாயை ஒளித்து வைத்தாலும் 'சரியான கேடி' என்று ஆத்தாமார் கொஞ்சுகிறார்கள்.

கேள்வி (ஆரப்பாளையம்): ஏழரையைக் கூட்டுவது?

பதில்: ஏழரை நாட்டுச் சனி. சனி ஒரு ராசியில் இரண்டரை ஆண்டு இருப்பார். நம் ராசிக்கு முந்தியது, நம் ராசி, அடுத்தது என்று மூன்று ராசிக்கு ஏழரை. அது தானாக வருவது. நாம் போய் இழுத்துக்கொண்டு வந்தால் 'கூட்டிட்டான்'.

கேள்வி (தெற்குமாசி வீதி, கடைக்காரர்): துட்டு, எட்டணா. இந்த இரண்டும் எப்படி வந்தன?

பதில்: துட்டு டச்சுக்காரர் விட்டுப்போனது. அவர்களுடைய சின்னச் செப்புக்காசுக்கு 'டொய்ட்' என்று பெயர். 1658-ல் தூத்துக்குடியும் நாகப்பட்டினமும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்கு வந்தன. காசும் பெயரும் கரையேறிவிட்டன. எட்டணா கணக்கு: ரூபாய்க்கு 16 அணா, பாதி எட்டு. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 காசு என்று ஆனபிறகும், 50 காசை எட்டணா என்றும் 25 காசை நாலணா என்றும்தான் சொன்னோம். நாலணா 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போனது. எட்டணா சட்டப்படி இன்னும் செல்லும் அண்ணாச்சி, உங்கள் கல்லாவில்தான் வாங்க மாட்டேன் என்கிறீர்கள்.