சில்லு பொருந்தும், சென்சர் பொருந்துமா?

"நண்பர் தன்னுடைய ஜீப்பின் அலாய் சில்லுகள் நாலையும் தருகிறார், ஓட்டைகளும் பொருந்துகின்றன, உள்ளே இருக்கிற ரயர் பிரஷர் சென்சர் என் வாகனத்தில் வேலை செய்யுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த வாகனம் என்று எழுதவில்லை. ஜப்பானில் இருந்து வந்த பழைய ஜீப் என்றே எடுத்துக்கொள்கிறேன், இங்கே பெரும்பாலானவர்களிடம் இருப்பது அதுதான்.

பதில்: ஓட்டை பொருந்துவதற்கும் சென்சர் பொருந்துவதற்கும் சம்பந்தமே இல்லை. நண்பரின் வாகனமும் உங்களுடையதும் ஒரே மொடலாக இருந்தாலும் வேலை செய்யாமல் போகலாம். எனக்கு அப்படித்தான் நடந்தது.

நான் மெக்கானிக் இல்லை. யாழ்ப்பாணம் டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை. என் கணவர் கட்டாரில் இருப்பதால் வீட்டு வாகனத்தை ஒன்பது வருடமாக நான்தான் ஓட்டுகிறேன், நான்தான் சேர்விஸுக்குக் கொண்டுபோகிறேன். மருந்துக்கடைக்காரிக்கு ரயரைப் பற்றி என்ன தெரியும் என்று எழுத நினைப்பவர்கள், முழுவதையும் வாசித்துவிட்டு எழுதுங்கள்.

என்னுடைய ரயர்கள் தேய்ந்திருந்த நேரம் அத்தான் தன்னுடைய நாலு சில்லுகளையும் ரயரோடு தருவதாகச் சொன்னார். அவரிடமும் அதே மொடல். ஐந்து நட், நட்டுகள் இருக்கிற வட்டத்தின் விட்டம் 114.3 மில்லிமீற்றர், நடு ஓட்டையும் என்னுடையதன் அளவுதான். கனடாவில் இருக்கிற அண்ணாவிடம் கேட்டேன். "இங்க வருசத்துக்கு ரெண்டு தரம் நாலு சில்லும் மாத்திறம், ஒண்டும் நடக்காது" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் அவருடைய பனிக்காலச் சில்லுகளுக்குள் இருப்பது அவருடைய வாகனத்துக்கென்றே வாங்கிப் பதிந்த சென்சர்கள். அதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சில்லு மாற்றி அரை மணித்தியாலத்தில் வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த நாள் காலை ஸ்டார்ட் பண்ணியதும் அந்த மஞ்சள் லைட், குதிரை லாடம் மாதிரி உள்ளே ஆச்சரியக்குறி போட்டது, ஒரு நிமிடம் மின்னி மின்னி எரிந்து பிறகு அணையாமல் அப்படியே எரிந்துகொண்டிருந்தது. இந்த மின்னல் முக்கியம். மின்னாமல் நேராக எரிந்தால் காற்றுக் குறைவு. முதலில் மின்னிவிட்டுப் பிறகு நேராக எரிந்தால் வாகனத்தின் கணினிக்குச் சென்சர் பேசுவது கேட்கவில்லை என்று அர்த்தம். அன்று எனக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

மாற்றிய கடைக்கே போனேன். "செற் பட்டனை அமத்திப் பிடியுங்கோ, சரியாகும்" என்றார்கள். பிடித்தேன், ஆகவில்லை. என் வாகனத்தில் அந்தப் பட்டன் இப்போது இருக்கிற காற்றை அளவாக வைத்துக்கொள் என்று மட்டும்தான் சொல்லும். புதுச் சென்சரைச் சேர்க்காது. ஒவ்வொரு சென்சருக்கும் தனி இலக்கம் உண்டு. அதைக் கணினியில் பதிய வேண்டும், பல வாகனங்களில் அதற்கு ஸ்கானர் தேவை.

இரண்டாவது கடையில் ஸ்கானர் இருந்தது. நாலு இலக்கத்தையும் பதிந்தார்கள், கணினியும் ஏற்றுக்கொண்டது, லைட் மட்டும் போகவில்லை. "நாலு சென்சரும் செத்துப்போச்சு தம்பி, புதுசு போடுங்கோ" என்று முடிவு சொன்னார்கள்.

தம்பி என்றது என்னுடைய தம்பியை. சும்மா துணைக்கு வந்து வாசலில் போன் பார்த்துக்கொண்டு நின்றவன், வாகனம் ஓட்டவே தெரியாதவன். வாகனம் என்னுடையது, கேள்வி கேட்டது நான், காசு கொடுப்பதும் நான். பதில் மட்டும் அவனுக்கு. லைட் மின்னுகிறது என்று நான் மூன்று தரம் சொன்னேன், ஒருவரும் காது கொடுக்கவில்லை. அதைக் கேட்டிருந்தால் பிரச்சினை எங்கே என்று அப்போதே பிடிபட்டிருக்கும். கேள்விக்கு இது சம்பந்தமில்லை என்று தெரியும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ பெண்கள் வாகனம் ஓட்டுகிறோம். கராஜில் எங்களுடைய முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லப் பழகுங்கள். மருந்துக்கடைக்கு வருகிற ஆண்களிடம் "வீட்டில பொம்பிளையள் ஆரும் இல்லையோ?" என்று நான் கேட்பதில்லை.

நாலு புதுச் சென்சருக்கு அப்போது கையில் காசு இல்லை. லைட் கண்ணை உறுத்தியதால் மருந்துக்கடையில் இருந்து ஒரு துண்டு பிளாஸ்டர் வெட்டி அதன்மேல் ஒட்டினேன். என் பிழை அதுதான், ஒத்துக்கொள்கிறேன்.

மூன்று மாதம் கழித்து அம்மாவைக் கண் கிளினிக்குக்காகக் கொழும்புக்குக் கூட்டிப் போனேன். ஆனையிறவு தாண்டியதில் இருந்தே வாகனம் கொஞ்சம் இடப்பக்கம் இழுப்பது போல இருந்தது. ரோட்டின் சாய்வாக்கும் என்று நினைத்தேன். வழக்கம்போல முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட நிறுத்தினோம். கற்பூரம் கொளுத்திவிட்டு வந்தபோது கச்சான் விற்கிற அம்மா கையைக் காட்டினார்: "பிள்ளை, உன்ர பின் சில்லுக்குக் காத்து இல்லையெல்லே."

இடப்பக்கப் பின் ரயர் றிம் வரை அமர்ந்திருந்தது, கை வைக்க முடியாத சூடு. ஒரு வான் சாரதி ஸ்பெயர் சில்லை மாட்டித் தந்தார். பிறகு ரயரைக் கழற்றியபோது உள்ளே கருப்புத் தூள் கொட்டியது. ஒரு சின்ன ஆணி மெல்ல மெல்லக் காற்றை இறக்க, ரயரின் பக்கச்சுவர் ரோட்டுக்கும் றிம்முக்கும் நடுவில் அரைபட்டிருக்கிறது. முறிகண்டியில் நிறுத்தாமல் மாங்குளம் நேர் ரோட்டில் வேகமாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிப்பேன். அம்மா பின் சீற்றில் நித்திரை.

உண்மைக் காரணத்தைக் கண்டுபிடித்தது கொக்குவிலில் ஒரு சின்னக் கடையில் இருந்த பொடியன். ஒரு கைக்கருவியை வால்வுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்த றிம் எந்த நாட்டு வாகனத்தில இருந்தது?" என்று என்னிடம் கேட்டான். அத்தானின் வாகனம் இங்கிலாந்துக்கென்று செய்தது, என்னுடையது ஜப்பானுக்கென்று செய்தது. ஐரோப்பிய சென்சர்கள் 433 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் பேசும். ஜப்பான், அமெரிக்க வாகனங்களில் பெரும்பாலும் 315. அத்தானின் சென்சர் ஒன்றும் சாகவில்லை, நாலும் நன்றாகவே பேசிக்கொண்டிருந்தன. என் வாகனத்துக்கு அந்த அலைவரிசையில் காது இல்லை. அதற்கு இலக்கத்தை எத்தனை தரம் பதிந்தும் பயனில்லை.

என்னுடைய பழைய சில்லுகளில் இருந்த 315 சென்சர்களை எடுத்துப் போடலாம் என்று பார்த்தோம். இரண்டில் பற்றரி முடியும் தறுவாயில் இருந்தது. பற்றரியை மட்டும் மாற்ற முடியாது, உள்ளே வைத்து அடைத்திருப்பார்கள். ஆயுள் பொதுவாக 5 முதல் 10 வருடம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியாருக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதனால் இங்கே ஓடுகிற வாகனங்களில் நிறையவற்றுக்கு இந்தப் பற்றரிக் காலம் இப்போதுதான் வருகிறது, உங்கள் நண்பருடையதுக்கும்தான். கடைசியில் நிரல் எழுதக்கூடிய புதுச் சென்சர் நாலு வாங்கி, பழையவற்றின் இலக்கத்தையே அவற்றில் பிரதி எடுத்துப் போட்டான். கணினி பழைய சென்சர்கள் என்றே நினைத்துக்கொண்டது. லைட் அணைந்தது, பிளாஸ்டரை உரித்தேன்.

நீங்கள் செய்ய வேண்டியது: முதலில் உங்கள் வாகனத்தில் சில்லுக்குள் சென்சர் இருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானில் கார்களுக்கு இது கட்டாயம் இல்லை, அதனால் பல வாகனங்களில் இல்லவே இல்லை. அமெரிக்காவில் 2007 செப்ரெம்பரில் இருந்தும் ஐரோப்பாவில் 2014 நவம்பரில் இருந்தும் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம். ஒவ்வொரு ரயரின் காற்றும் இலக்கமாகத் திரையில் தெரிந்தால் சில்லுக்குள் சென்சர் இருக்கிறது. சில வாகனங்களில் லைட் மட்டும் இருக்கும், சென்சர் இருக்காது. காற்றுக் குறைந்த சில்லு கொஞ்சம் வேகமாகச் சுற்றும், அதை ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சில்லு பூட்டிக்கொள்ளாமல் காக்கிற அமைப்பு) கண்டுபிடித்துச் சொல்லும். உங்களுடையது அந்த வகை என்றால் கவலையே இல்லை. நாலுக்கும் ஒரே அளவு ரயர் போட்டு, காலையில் ஓட முதல் காற்று அடித்து, பட்டனை அமத்தினால் சரி.

சில்லுக்குள் இருக்கிற வகை என்றால், மாற்ற முதலே நண்பரின் சில்லுகளைக் கருவி வைத்திருக்கிற கடைக்குக் கொண்டுபோய் அலைவரிசையையும் பற்றரியையும் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. பொருந்தாவிட்டால் ரயரைக் கழற்றி உங்கள் சென்சர்களை மாற்றிப் போடலாம், வால்வு அடியில் இருக்கிற ரப்பர் வளையம் மட்டும் புதிதாக இருக்க வேண்டும். பஞ்சர் என்று ரியூப் போட விடாதீர்கள், சென்சர் உள்ள சில்லுக்குள் ரியூப் போகாது. வால்வு மூடி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். எங்களுடைய உப்புக் காற்றில் உலோக மூடி அலுமினிய வால்வோடு இறுகிப் பிடித்துவிடும், திருகினால் வால்வே முறியும். எனக்கு ஒன்று முறிந்தது.

லைட்டை மட்டும் நம்பவும் வேண்டாம். அமெரிக்க விதிப்படி 25 சதவீதம் குறைந்தால் எரிந்தால் போதும். கதவோரம் காற்றின் அளவு 33 பிஎஸ்ஐ என்று ஒட்டியிருந்தால் 25 வரை இறங்கும் மட்டும் லைட் பேசாமல் இருக்கலாம். மாதம் ஒரு தரம் காலையில் கேஜ் வைத்துப் பாருங்கள்.

வாகனம் எந்த வருடம், எந்த நாட்டுக்கென்று செய்தது, லைட் மின்னுகிறதா நேராக எரிகிறதா என்று எழுதுங்கள். தெரிந்தவரை சொல்கிறேன்.