பாமசியைப் பட்டியலின் அடியில் போடாதீர்கள்

அம்மா, பெறுபேறு வந்த நாளில் இருந்து வீட்டில் ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று சொன்னீர்கள். உயர்தரப் பரீட்சையில் மகளுக்கு இது இரண்டாம் ஷை, அதாவது இரண்டாம் தடவை. இரசாயனவியலில் ஏ, உயிரியலில் பி, பௌதிகவியலில் சி. மெடிசினுக்கு இசட் புள்ளி (பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கிற புள்ளி) காணாது என்று ரியூசன் சேரே சொல்லிவிட்டார். கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற பெரியப்பா, "கைதடிக் காணியை வித்தாவது பிள்ளையை பெலாரசுக்கு அனுப்புங்கோ, நானும் கொஞ்சம் போடுறன்" என்று இரவிரவாகக் கோல் எடுக்கிறார். பிள்ளையோ மருந்தாளராவதற்கான பாமசிதான் படிப்பேன் என்று ஒரே பிடியில் நிற்கிறாள். எப்படியாவது அவளுக்கு எடுத்துச் சொல்லும்படி கேட்டுத்தான் கோப்பாயில் இருந்து வந்தீர்கள்.

ஏ, பி, சி நல்ல பெறுபேறு. அதை வைத்துக்கொண்டு செத்தவீடு மாதிரி இருக்கத் தேவையில்லை. என்னிடம் உள்ள ஆறுதல் அவ்வளவுதான். எடுத்துச் சொல்ல வேண்டியது பெரியப்பாவுக்கு.

முதலில் காசு. வெளிநாட்டு மருத்துவப் படிப்பு ஐந்தாறு வருடம், கட்டணம் டொலரில். ஏஜென்சிக்காரர் தருகிற தாளில் முதலாம் வருடக் கட்டணம் பெரிய எழுத்தில் இருக்கும். விடுதி, விசா, காப்புறுதி, விமானச் சீட்டு எல்லாம் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. 2022 தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். மே மாதத்தில் 360 வரை போய்விட்டது. பிள்ளையை வெளியில் விட்டிருந்த பெற்றோர் அதே கட்டணத்துக்கு ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல் ரூபாய் தேடினார்கள். அதே வருடம் பெப்ரவரியில் யுத்தம் தொடங்கியதும் உக்ரேனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் பாதியில் விட்டுவிட்டு எல்லை கடந்தார்கள். இதெல்லாம் நடவாமல், நல்லபடியாக முடித்து வந்தாலும் வெளிநாட்டில் படித்தவர் இங்கே மருத்துவராகப் பதிவதற்கு எழுதுகிற, இலங்கை மருத்துவ சபையின் இ.ஆர்.பி.எம். பரீட்சையில் தேற வேண்டும். அதற்குப் பிறகுதான் உள்ளகப் பயிற்சி.

பெரியப்பா போடுகிற அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு? கடைசி வருடமும் போடுவாரா? தன் மகனுக்கு வீடு வாங்குகிற வருடத்திலும் போடுவாரா? இதைக் கேட்க உங்களுக்குக் கூச்சம் என்றால், அந்தக் காசைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வீட்டில் வருவது ஒரு சம்பளம். இருப்பது ஒரு காணி. தம்பி பத்தாம் ஆண்டு படிக்கிறான். அவனுக்கும் அந்தக் காணியில் பங்கு உண்டு. இதற்காக அதை விற்பதற்கு நான் சரி என்று சொல்ல மாட்டேன்.

அடுத்தது பிள்ளையின் விருப்பம். நீங்கள் வெளியில் இருந்தபோது அவளோடு தனியாகக் கதைத்தேன். "டொக்டராக வேணும் எண்டு நான் ஒருநாளும் சொன்னதில்லை, வீட்டில சொன்னவை" என்றாள். அம்மம்மாவின் மருந்துப் பையைப் பற்றி அவள் சொன்னது உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. கிளினிக்கில் பிரஷருக்கு லொசாட்டன் கொடுத்திருக்கிறார்கள். தலைச்சுற்று என்று போன இடத்தில் ஒரு தனியார் டொக்டர் வேறு பெயர் போட்ட குளிசை எழுதியிருக்கிறார். இரண்டு அட்டையிலும் பெரிய பெயருக்குக் கீழே சின்னதாக ஒரே பெயர் இருப்பதைக் கண்டது இவள்தான். ஒரே மருந்தை இரட்டிப்பாகக் குடித்தால் தலைச்சுற்றுக் கூடாமல் என்ன செய்யும்? யாரும் கேட்காமலே மருந்துப் பெட்டிக்குள் இருக்கிற துண்டுத்தாளை வாசிக்கிற பிள்ளை, இரசாயனவியலில் ஏ எடுத்திருக்கிறாள். இதைவிட என்ன அடையாளம் வேண்டும்?

மூன்றாம் ஷை, கல்வியியற் கல்லூரி, தாதியர் பயிற்சி பற்றி நான் எழுதப்போவதில்லை. அவற்றைச் சொல்ல உங்கள் ஒழுங்கையிலேயே பத்துப் பேர் இருப்பார்கள்.

"பாமசி எண்டால் கடையில நிண்டு குளிசை எண்ணிக் குடுக்கிறதுதானே" என்று சின்னம்மா சொன்னதாகச் சொன்னீர்கள். ஆஸ்பத்திரி வீதியில் வரிசையாக இருக்கிற மருந்துக்கடைகளில் வெளியே தெரிவது அதுதான். உள்ளே நடப்பதில் ஒன்றைச் சொல்கிறேன். காய்ச்சலோடு 12 கிலோ பிள்ளை ஒன்று. கிலோவுக்கு 15 மில்லிகிராம் பரசிற்றமோல் என்றால் ஒரு வேளைக்கு 180. பாணியில் 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் என்றால் 7.5 மில்லிலீற்றர் கொடுக்க வேண்டும். அடுத்த முறை கடையில் அந்தப் பாணி இல்லை, 250 போட்ட பாணிதான் இருக்கிறது. தாய் பழைய பழக்கத்தில் அதே 7.5ஐக் கொடுத்தால் பிள்ளைக்குப் போவது 375, இரண்டு மடங்குக்கும் மேல். போத்தலைக் கொடுக்கிறவர் அந்த இடத்தில் அளவை மாற்றிச் சொல்லி, அளவுச் சிரிஞ்சில் கோடு போட்டுக் காட்டவேண்டும். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை எடுக்கிற மெதொரெக்சேற்றைத் தினமும் எடுத்துவிட்டால் எலும்பு மச்சையே பாதிக்கப்பட்டு உயிருக்கு ஆபத்தாகும். அதைக் கண்டுபிடிக்கிற கடைசி ஆள், மருந்து கொடுக்கிற யன்னலில் நிற்கிறவர்தான்.

இந்த வேலைக்குச் சட்டமும் உண்டு. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மருந்தகம் நடத்த முடியாது. அந்தப் பத்திரத்துக்கு மருத்துவ சபையில் பதிவு பெற்ற மருந்தாளர் வேண்டும். பதிவுள்ள ஆளைத் தேடி அலைகிற கடைக்காரர்கள் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறார்கள், கிளிநொச்சியிலும் இருக்கிறார்கள்.

சரி, படிப்புக்கு வருவோம். யாழ். பல்கலைக்கழகத்தில், பிள்ளைகள் 'அலைட் ஹெல்த்' என்று சொல்கிற பீடத்தில் பாமசி நான்கு வருடச் சிறப்புப் பட்டம். தொடக்கத்தில் உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிர் இரசாயனம் என்று மருத்துவ பீடப் பிள்ளைகள் தொடுகிறவற்றையே இவர்களும் தொடுகிறார்கள். பிறகு பாதை பிரிகிறது. ஒரு மூலக்கூறு உடம்புக்குள் போய் என்ன செய்கிறது, உடம்பு அதை என்ன செய்கிறது. குளிசை எப்படி அடிக்கப்படுகிறது, ஏன் ஒன்று வயிற்றில் கரைகிறது, இன்னொன்று குடலுக்குப் போகும்வரை கரையாமல் இருக்கிறது. தாவரத்தில் இருந்து மருந்து எடுப்பது, தரப் பரிசோதனை, மருந்துச் சட்டம், வார்ட்டில் நோயாளியின் கோப்பைப் பார்த்து மருந்துகளை ஒப்பிடுவது. கடைசியில் வைத்தியசாலைப் பயிற்சியும் ஓர் ஆய்வும். சேதன இரசாயனம் பிடித்த பிள்ளைக்கு இதில் சலிப்பு வராது. இரத்தம் கண்டால் மயங்குகிற பிள்ளைக்கும் இதில் இடம் உண்டு. இதைச் சொன்னபோது உங்கள் மகள் சிரித்தாள், ஏனென்று வீட்டில் கேளுங்கள்.

அரச பல்கலைக்கழகம், ஆகவே படிப்புக் கட்டணம் இல்லை. கோப்பாயில் இருந்து திருநெல்வேலி எவ்வளவு தூரம்? வீட்டுச் சோற்றைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போய் வரலாம். மகாபொல புலமைப்பரிசிலுக்குக் குடும்ப வருமானம் பார்ப்பார்கள். ஒரு சம்பள வீடு என்றபடியால் தவறாமல் விண்ணப்பியுங்கள், வருமானச் சான்றிதழை இப்போதே கிராம சேவகரிடம் கேட்டு வையுங்கள்.

இனி விண்ணப்பம். பிழை விடுகிற இடம் இதுதான்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூல் தமிழிலும் வருகிறது. அதை ரியூசன் சேர் சொல்லக் கேட்காமல் பிள்ளையும் நீங்களும் இருந்து வாசியுங்கள். ஒரே இருப்பில் மூன்று பாடமும் சித்தி, பொதுச் சாதாரண பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி, இவை அவளிடம் இருக்கின்றன. 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. ஆகவே கொழும்பு மச்சாளின் இசட் புள்ளியோடு உங்கள் மகளை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. கடந்த வருட வெட்டுப்புள்ளி அட்டவணையில் யாழ்ப்பாண நிரலை மட்டும் பாருங்கள். அதுவும் ஒரு திசைகாட்டிதான், வருடத்துக்கு வருடம் மாறும்.

ஒவ்வொரு பல்கலைக்கழகத்துப் பாடநெறிக்கும் தனிக் குறியீடு உண்டு. பாமசி யாழ்ப்பாணத்தில் மட்டும் இல்லை. பேராதனையிலும், காலியில் படிப்பிக்கிற றுகுணுவிலும், ஸ்ரீ ஜயவர்த்தனபுரவிலும் இருக்கிறது. 'பாமசி' என்று ஒன்றை எழுதிவிட்டால் எல்லா இடமும் அடங்கிவிடும் என்று நினைத்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அடங்காது, ஒவ்வொன்றையும் தனியாக எழுத வேண்டும். காலி தூரம், பொம்பிளைப் பிள்ளை, சிங்களப் பகுதி என்று அப்பா தயங்கினார். தயக்கம் விளங்குகிறது. அதற்காக யாழ்ப்பாணத்தை மட்டும் எழுதிவிட்டு, அது சிறு புள்ளியால் தவறினால் பிறகு யாரிடம் போய்ச் சொல்வது? யாழ்ப்பாணத்தை முதலில் போடுங்கள், மற்றவற்றையும் அடுத்தடுத்துப் போடுங்கள்.

தெரிவு ஒழுங்குதான் முக்கியம். தகுதி பெறுகிற தெரிவுகளில் பட்டியலில் மேலே இருப்பது எதுவோ அதுவே கிடைக்கும். அதற்குக் கீழே எழுதியவை தானாக விழுந்துவிடும். மெடிசினை முதலில் எழுதுவதால் பாமசி கிடைக்கிற வாய்ப்புக் குறையாது. பெரியப்பாவின் மனம் ஆறுவதற்கு வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் கிடைத்தால் அதைத்தான் படிக்க வேண்டும் என்பதைப் பிள்ளையிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். ஆபத்து அதற்கு அடுத்த வரிகளில். பெயருக்கு முன்னால் டொக்டர் வரும் என்பதற்காக மிருக வைத்தியத்தையும் சித்த மருத்துவத்தையும் பாமசிக்கு மேலே எழுதச் சொல்கிறார்கள் சொந்தக்காரர். கைதடியில் சித்த மருத்துவத்தை விரும்பிப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், நல்ல படிப்பு. உங்கள் மகளுக்கு அதில் நாட்டம் இல்லை. மேலே எழுதி அது கிடைத்துவிட்டால் பாமசியின் கதை அன்றோடு முடிந்தது. ஒரு பாடநெறிக்குப் பதிவு செய்த பிறகு மீண்டும் விண்ணப்பிப்பதற்கு நிபந்தனைகள் இருக்கின்றன. கைந்நூலில் அந்தப் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள்.

படிப்பு முழுக்க ஆங்கிலத்தில். தமிழில் உயர்தரம் எழுதிய பிள்ளைக்கு முதல் அரைவருடம் வியர்க்கும். பல்கலைக்கழகம் தொடங்கும்வரை மாதக்கணக்கில் இடைவெளி இருக்கும். அதைத் தொலைபேசியில் தொலைக்காமல் ஆங்கிலத்துக்கு ஒதுக்கட்டும். மருந்துப் பெட்டித் துண்டுத்தாள்களை அவள் ஏற்கெனவே வாசிக்கிறாளே, அதையே அகராதி வைத்துக்கொண்டு வாசிக்கட்டும். கொஞ்சம் சிங்களமும் படிக்கட்டும். அரச வேலைக்குப் போனால் இரண்டாம் மொழித் தேர்ச்சி கேட்பார்கள்.

வேலை உடனே கிடைக்குமா என்றால், அரச வைத்தியசாலை நியமனம் பட்டம் முடித்த மறுநாள் வீடு தேடி வராது. அரச ஆட்சேர்ப்பு இழுபடும். அந்தக் காலத்தில் தனியார் வைத்தியசாலை, மருந்தகம், மருந்து இறக்குமதி நிறுவனங்கள் இருக்கின்றன. மருந்து உற்பத்திப் பக்கம் போக விரும்பினால் தெற்குக்குப் போக வேண்டும். இரத்மலானையில் அரச மருந்துற்பத்திக் கூட்டுத்தாபனம் இருக்கிறது. பேராசிரியர் சேனக்க பிபிலே முதல் தலைவராக இருந்து 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம்தான் ஒசுசல என்ற அரச மருந்துக்கடைகளை நடத்துவது.

பெரியப்பாவுக்கும் ஒரு வார்த்தை. அவர் இருக்கிற ஒன்ராறியோவில் 2023 ஜனவரியில் இருந்து சில சிறு நோய்களுக்கு மருந்தாளரே மருந்து எழுதிக் கொடுக்கலாம். குளிர்காலத் தடுப்பூசியையும் அவரே போடுகிறார். பெரியப்பா தன் பிரஷர்க் குளிசையை வாங்கப் போகிற இடத்தில், இந்த வேலைக்கு அங்கே என்ன மதிப்பு என்று ஒருக்கால் விசாரித்துப் பார்க்கட்டும். இங்கே பட்டம் எடுத்தவர் அங்கே போனால் சான்றிதழ் மதிப்பீடு, பரீட்சைகள், மாகாண உரிமம் என்று வரிசையாகத் தாண்ட வேண்டும், நேரே போய் வெள்ளைக் கோட்டுப் போட முடியாது. ஆனால் அந்தக் கதவு இருக்கிறது, அதற்குக் காணி விற்கத் தேவையில்லை.

ஒருவேளை எந்தப் பல்கலைக்கழகத்திலும் பாமசி கிடைக்காவிட்டால், அவசரப்பட்டு ஏதாவது 'பாமசி டிப்ளோமா'வுக்குக் காசு கட்டாதீர்கள். இது கட்டளையாகவே சொல்கிறேன். கட்டுவதற்கு முன் ஒரே கேள்வி: இதை முடித்தால் இலங்கை மருத்துவ சபையில் மருந்தாளராகப் பதியலாமா? வாயால் வருகிற பதில் வேண்டாம், எழுத்தில் கேளுங்கள், சபையிடமும் விசாரியுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். பதிவு பெற்ற மருந்தாளர் ஒருவரிடம் பயிலுநராக இருந்து, இலங்கை மருத்துவக் கல்லூரிப் பேரவையின் பரீட்சை எழுதிப் பதிவு பெறுகிற வழி பழைய வழி, இன்றும் இருக்கிறது. அதில் கவனிக்க வேண்டியது, கடையில் நிற்கத் தொடங்குவதற்கு முன் பயிலுநர் பதிவு ஒழுங்காக முடிந்திருக்க வேண்டும். திறந்த பல்கலைக்கழகத்திலும் பாமசிப் பட்டம் உண்டு, அதற்குக் கட்டணம் உண்டு. இவை இரண்டையும் இப்போது போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம், வெட்டுப்புள்ளி வந்த பிறகு பார்ப்போம்.

இணையத்தில் விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் தெரிவு ஒழுங்கை ஒரு வெற்றுத்தாளில் பிள்ளையின் கையால் எழுதுவியுங்கள். நீங்களும் அப்பாவும் அதைப் பார்க்கலாம், ஏன் என்று கேட்கலாம், மேலே கீழே மாற்ற மட்டும் வேண்டாம். பிறகு குறியீடுகளை ஒவ்வொன்றாகக் கைந்நூலோடு ஒப்பிட்டுவிட்டு அனுப்புங்கள். அனுப்பிய படிவத்தின் அச்சுப் பிரதி ஒன்றையும், கடவுச்சொல்லையும் பிள்ளையே வைத்திருக்கட்டும். கொமியூனிக்கேசன் கடைக்காரரின் மின்னஞ்சலைக் கொடுத்து விண்ணப்பம் போடாதீர்கள், பதிவுக்கான அறிவித்தல் அந்த முகவரிக்குத்தான் வரும்.