'வயசாகிடுச்சு' என்று உங்களுக்கு உறைத்தது எப்போது?

கேள்வி கேட்டவர் நரை, முழங்கால் வலி, மாத்திரை டப்பா எல்லாம் வேண்டாம், பள்ளி நினைவுகளும் நாம் பைத்தியமாக ரசித்த ஆட்களும் நம் வயதை எப்படிக் காட்டிக்கொடுக்கிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள் என்கிறார். சரி, அப்படியே ஆகட்டும். நரைக்காவது சாயம் கிடைக்கிறது.

நான் 1983-இல் பிறந்தவன். எனக்கு உறைத்த விஷயம் ஒன்றுதான், அது பல இடங்களில் பல வேஷத்தில் வந்து நின்றது: என் நினைவில் 'பெரியவர்கள்' என்று பதிந்திருக்கும் அத்தனை பேரும் அன்று இருந்த வயதைக் கணக்குப் போட்டால், இப்போதைய என்னைவிடச் சின்னவர்கள்.

முதலில் ஆசிரியர்கள். பள்ளி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒருவன் எட்டாம் வகுப்பு குரூப் போட்டோவைப் போட்டான். எல்லாரும் 'டேய் இது யாருடா, அது நீயாடா' என்று கத்திக்கொண்டிருக்க, நான் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கணக்கு டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வராந்தாவில் நடந்து வரும் சத்தம் கேட்டாலே வகுப்பு அடங்கிவிடும், உலகத்தில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நம்பினோம், அவரும் ஒருநாள் சின்னப் பிள்ளையாக இருந்திருப்பார் என்றெல்லாம் எங்களுக்குத் தோன்றியதே கிடையாது. போட்டோவில் பார்த்தால் இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பெண். இன்று என் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்து, விடுப்பு எடுக்க எப்படி மெயில் அனுப்ப வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறார்களே, அந்த வயது. அவரும் முதல் வருடம் எங்களைப் பார்த்துப் பயந்துதான் இருப்பார், பிரம்பு அதற்காகத்தான் என்று இப்போது படுகிறது.

அப்புறம் அந்த டீச்சர்கள் சொல்லிக்கொடுத்த பாடங்கள். அவையும் காலாவதி ஆகிவிட்டன! கோள்கள் ஒன்பது என்று ராகம் போட்டு ஒப்பித்தோம். 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராக் நகரத்தில் கூடிய வானியலாளர்கள் புளூட்டோவைக் குறுங்கோள் பட்டியலுக்கு மாற்றிவிட்டார்கள். அன்று பிறந்த குழந்தைக்கே இன்று ஓட்டுப்போடும் வயது வந்துவிட்டது, அதற்கு எப்போதுமே கோள்கள் எட்டுதான். ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய நாடு எது என்று வினாடி வினாவில் கேட்டால் 'சூடான்' என்று கத்தி மார்க் வாங்கியவர்கள் நாங்கள். 2011-இல் தெற்கு சூடான் பிரிந்ததும் அந்தப் பட்டம் அல்ஜீரியாவுக்குப் போய்விட்டது. ஒரு கிலோகிராம் என்றால் பாரிஸ் பக்கத்தில் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கும் பிளாட்டினம்-இரிடியம் உருளையின் நிறை என்று எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். 2019 மே 20 முதல் அதுவும் இல்லை, பிளாங்க் மாறிலி என்ற, எங்கும் மாறாத ஒரு இயற்பியல் எண்ணை வைத்து வரையறுக்கிறார்கள். தனிம அட்டவணையின் ஏழாவது வரிசை நாங்கள் படிக்கும்போது முழுசாகவே இல்லை, 2016-இல்தான் கடைசி நான்கு தனிமங்களுக்குப் பெயர் வைத்து முடித்தார்கள்.

தாத்தா பாட்டி தவறான தகவலை அடித்துச் சொல்லும்போது சிரிப்போமே, அவர்களும் பாவம் பள்ளியில் சரியாகப் படித்ததைத்தான் சொல்லியிருப்பார்கள் போல.

இணையத்தில் படிவம் நிரப்பும்போது பிறந்த வருடத்தைத் தேட விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போக வேண்டியிருப்பது, கணினியில் சேமிப்பதற்கான அந்தச் சின்னப் படம் உண்மையில் 1.44 எம்பி பிளாப்பி டிஸ்க் என்று விளக்க வேண்டியிருப்பது, மருந்துச் சீட்டைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படிப்பது, இதெல்லாம் எல்லாரும் எழுதிவிட்டார்கள். கடைசியில் சொன்னதற்கு மட்டும் ஒரு வரி: கண்ணுக்குள் இருக்கும் வில்லை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக விறைத்துக்கொண்டே வருகிறது, நாற்பதை ஒட்டித்தான் அது நமக்குத் தெரியவருகிறது, அவ்வளவுதான். ஆக, திடீரென்று நடந்தது எதுவும் இல்லை. விஷயம் தெரிந்ததுதான் திடீர்.

என்னைப் பொறுத்தவரை பெரிய அடி விளையாட்டில்தான் விழுந்தது.

1998 ஏப்ரல், ஷார்ஜா. அப்போது எனக்கு நோட்டுப் புத்தகம் முழுக்கச் செய்தித்தாளில் வெட்டி ஒட்டிய சச்சின் படங்கள். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மணல் புயல் வந்து ஆட்டம் நின்று, மறுபடி ஆரம்பித்து, அந்த மனுஷன் 143 அடித்தார். அந்த ஆட்டத்தில் தோற்றோம், ஆனால் இறுதிப் போட்டிக்குப் போய்விட்டோம். இரண்டு நாள் கழித்து இறுதிப் போட்டியில் 134. வென்றோம். ஏப்ரல் 24, அவருடைய பிறந்த நாள். அந்த ஆட்டத்தைப் பார்க்கும்போது உட்கார்ந்த இடத்தைவிட்டு யாரும் எழுந்திருக்கக் கூடாது, எழுந்தால் விக்கெட் போய்விடும், பாத்ரூம் அவசரத்துக்கும் விதிவிலக்கு கிடையாது. ஒரு நாட்டையே தோளில் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒரு பெரிய மனிதர் என்றுதான் அவரைப் பார்த்தேன். சமீபத்தில் அந்த வீடியோவைப் பார்த்தபோதுதான் கணக்குப் போட்டேன், அது அவருடைய இருபத்தைந்தாவது பிறந்த நாள். இருபத்தைந்து! கணக்கு டீச்சர் வயது. என்னிடம் விடுப்புக் கேட்கத் தயங்கும் பையன் வயது. ஹெல்மெட்டைக் கழற்றும்போது முகத்தைப் பார்த்தால் பிள்ளை முகம், அன்று எனக்கு அது தெரியவே இல்லை.

அதைவிட மோசமான கணக்கு ஒன்று இருக்கிறது, மனது திடமாக இருந்தால் மேலே படியுங்கள். அந்த நாட்களில் வீட்டுப் பெரியவர்கள் 'என்னடா சச்சின், 1971-இல் கவாஸ்கர் முதல் தொடரிலேயே வெஸ்ட் இண்டீஸில் போய் 774 ரன் அடித்தார் தெரியுமா' என்று ஆரம்பித்தால் நாங்கள் கண்ணை உருட்டுவோம். அது ஏதோ ராஜா காலத்துக் கதை மாதிரி இருக்கும். 1998-இலிருந்து 27 வருடம் பின்னால் போனால் 1971. அதே 27 வருடம் முன்னால் வந்தால் 2025. அதாவது இன்று நான் ஒரு பதினைந்து வயதுப் பையனிடம் 'ஷார்ஜாவில் ஒரு மணல் புயல் வந்துச்சு பாரு' என்று ஆரம்பித்தால், அவனுக்கு நான் அந்தக் கவாஸ்கர் பெரியப்பாதான். அவன் கண்ணை உருட்டுவதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். உரிமை இருக்கிறது, உருட்டட்டும்.

டென்னிஸில் நடந்தது இன்னும் வேடிக்கை. பள்ளி முடியும் காலத்தில் நான் பீட் சாம்ப்ராஸ் கட்சி. விம்பிள்டன் என்றால் அவர் வீட்டுச் சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, 2001-இல் நான்காம் சுற்றிலேயே ஐந்து செட் ஆடி, குதிரைவால் போட்ட ஒரு 19 வயதுப் பையன் அவரைத் தோற்கடித்து வெளியே அனுப்பினான். ரோஜர் ஃபெடரர் என்று பெயர். வந்த கோபத்துக்கு அந்தப் பையனின் ஒரு ஆட்டத்தையும் பார்ப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். எத்தனை நாள் தாங்கும்? 2003-இல் அவன் முதல் விம்பிள்டன் வென்றபோது நான் 'அவன்' என்பதை விட்டு 'அவர்' என்று சொல்ல ஆரம்பித்திருந்தேன், அடுத்த இருபது வருடம் அவருக்காக யார் யாரிடமோ சண்டை போட்டேன், அவருடைய பரம எதிராளியான ரஃபேல் நடாலின் ரசிகன் ஒருவனோடு வருடக்கணக்கில் பேச்சே ஆட்டம் பற்றியதுதான். 2022 செப்டம்பரில் லண்டனில் நடாலையே ஜோடியாகச் சேர்த்துக்கொண்டு கடைசி ஆட்டம் ஆடி, தோற்று, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்களே, அந்த இரவு அந்த நடால் ரசிகன்தான் எனக்கு முதலில் மெசேஜ் அனுப்பினான். 'முடிஞ்சுதுடா' என்று மட்டும். ஃபெடரருக்கு அப்போது 41, என்னைவிட இரண்டு வயதுதான் பெரியவர். என் வயதுக்காரர் 'இனி உடம்பு ஒத்துழைக்காது' என்று சொல்லி ஓய்வு பெறுகிறார். நானோ அதே வயதில் மாடிப்படி ஏறுவதை உடற்பயிற்சிக் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2023-இலும் 2024-இலும் ஸ்பெயினின் கார்லோஸ் அல்கராஸ் விம்பிள்டன் வென்றார். அவர் பிறந்தது 2003 மே மாதம், ஃபெடரர் முதல் கோப்பையைத் தூக்கியதற்கு இரண்டு மாதம் முன்னால்.

எங்கள் வயதுக்காரர்களுக்கு ஒரு ரகசிய ஆறுதல் உண்டு, இதைச் சொன்னால் பலர் ஒத்துக்கொள்வார்கள். நம்மைவிட வயதில் மூத்த ஒரே ஒரு ஆட்டக்காரராவது எங்காவது ஆடிக்கொண்டிருக்கும் வரை நாம் இன்னும் இளைஞர்கள்தான் என்று ஒரு நினைப்பு. ஏதோ தேர்வுக் குழு நாளைக்கு நம்மைக் கூப்பிட்டாலும் கூப்பிடும் என்பது மாதிரி. எனக்கு அந்த ஆள் ஜேம்ஸ் ஆண்டர்சன். 1982-இல் பிறந்தவர், வேகப்பந்து வீச்சாளர், வேகப்பந்து போடுகிறவர்களுக்கு உடம்பு சீக்கிரம் போய்விடும் என்பார்கள், மனுஷன் 2003-இலிருந்து டெஸ்ட் ஆடினார். 2024 ஜூலையில் லார்ட்ஸில் கடைசி டெஸ்ட் ஆடி விடைபெற்றபோது இங்கிலாந்துக்காரர்களைவிட எனக்கு வருத்தம். அப்புறம் தோனியைப் பிடித்துக்கொண்டேன். 1981-இல் பிறந்தவர், 2025 ஐபிஎல்லிலும் கிளவுஸ் மாட்டிக்கொண்டு நின்றார். அவர் ஓய்வு பெற வேண்டும் என்று இணையத்தில் காரசாரமாக எழுதுகிறவர்களுக்கு என் கவலை புரியாது. அவர் அணிக்குத் தேவையா என்பது வேறு விஷயம். எனக்குத் தேவை.

பாட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. 'புதுப் பாட்டு' என்று நான் ஒன்றைச் சொல்ல, பக்கத்தில் இருந்த பெண் 'நான் மூணாவது படிக்கும்போது வந்தது சார்' என்றாள். நான் புதிதாகக் கேட்பதை எந்த வருடத்தில் நிறுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. மனம் பற்றி ஆராய்கிறவர்கள் இதற்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். வயதானவர்களிடம் வாழ்க்கையில் நினைவில் நிற்பதைச் சொல்லச் சொன்னால், பத்து வயதிலிருந்து முப்பது வயது வரை நடந்தவைதான் மற்ற காலத்தைவிடக் குவியலாக வருகின்றனவாம். முதல் வேலை, முதல் காதல், முதல் தோல்வி, எல்லாம் முதல் தடவை நடப்பதால் அழுத்தமாகப் பதிகிறது என்பது ஒரு விளக்கம். அந்தக் காலத்தில் கேட்ட பாட்டும் பார்த்த ஆட்டக்காரரும் அதோடு சேர்ந்து ஒட்டிக்கொள்கிறார்கள். அதனால் 'எங்க காலத்துப் பாட்டு மாதிரி வருமா' என்று யாராவது ஆரம்பித்தால் நான் சேர்ந்துகொள்வதில்லை. எங்கள் காலத்திலும் குப்பைப் பாட்டு கூடை கூடையாக வந்தது, அதை எல்லாரும் வசதியாக மறந்துவிட்டோம். பாட்டு நன்றாக இருந்ததைவிட நமக்குப் பதினேழு வயது என்பதுதான் நன்றாக இருந்தது. இதைச் சொன்னால் என் வயது நண்பர்களுக்குக் கோபம் வருகிறது, பரவாயில்லை.

ஆனால் ரசிகனாக இருப்பது மட்டும் விட்டுப் போகவில்லை, ஆள்தான் மாறுகிறது. 2025 ஏப்ரலில் வைபவ் சூர்யவன்ஷி என்ற 14 வயதுப் பையன் ஐபிஎல்லில் 35 பந்தில் சதம் அடித்தான். (ஆமாம், 'அடித்தான்'தான். இவனுக்கு 'அடித்தார்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை, ஃபெடரர் கதையைப் பார்த்தால் அதுவும் மாறும் என்று தெரிகிறது.) பிறந்த தேதியைத் தேடிப் பார்த்தேன், 2011 மார்ச் 27. தோனி சிக்ஸர் அடித்து உலகக் கோப்பையை வென்றது ஏப்ரல் 2. அதாவது நான் நாற்காலி மேல் ஏறிக் குதித்த அந்த இரவில் இவனுக்கு வயது ஆறு நாள். ஒரு நிமிடம் தலை சுற்றியது. அடுத்த நிமிடம் அந்த இன்னிங்ஸை முதலிலிருந்து மறுபடி பார்க்க உட்கார்ந்துவிட்டேன்.

சச்சின் 1989-இலிருந்து 2013 வரை 24 வருடம் ஆடினார். இவனும் அந்த அளவு தாக்குப்பிடித்தால் 2049 வரை ஆடுவான். எனக்கு அப்போது 66. ஸ்கோர் பலகை தெரியும் அளவுக்கு ஒரு பெரிய டிவி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான், உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காமல் பார்ப்பதில் அந்த வயதில் பெரிய சிரமம் இருக்காது, பாத்ரூம் விதியை மட்டும் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருக்கும்.