ஒரு பக்கம் படுத்துவிடும் பழைய எஸ்-கிளாஸ்

நண்பரே, உங்கள் 2003 மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் காலையில் இடது முன்பக்கம் இறங்கிக் கிடக்கிறது, மெக்கானிக் சஸ்பென்ஷனுக்குக் காற்றடைக்கும் கம்ப்ரஸரை மாற்றச் சொல்கிறார் என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். ஒரு மூலை மட்டும் இறங்கினால் பெரும்பாலும் அந்த மூலையின் ஏர் ஸ்ட்ரட்டில்தான் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பையால் வண்டியைத் தாங்கும் கால்) கசிவு. ஒன்று ரப்பர் பை வயதாகி விரிசல் விட்டிருக்கும், இல்லையென்றால் காற்றுக்குழாய் சேரும் இடத்தில் கசியும். வண்டி உயர்ந்து நிற்கும்போது சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும். (முட்டுக்கொடுக்கும் ஸ்டாண்டு இல்லாமல் அடியில் மட்டும் நுழையாதீர்கள்.)

கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடித்தான் கம்ப்ரஸர் சாகிறது. ஸ்ட்ரட்டை அப்படியே விட்டுப் புது கம்ப்ரஸர் போட்டால் அதுவும் போகும். நிஜமாகவே கம்ப்ரஸர் போயிருந்தால் அதற்கு மின்சாரம் விடும் ஸ்விட்சான ரிலேயையும் மாற்றுங்கள், சின்னச் செலவுதான். ரிலே ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஸர் மோட்டார் நிற்காமல் ஓடி எரிந்துவிடும்.

ஏர் ஸ்ட்ரட்டை எடுத்துவிட்டுப் போடும் சாதா ஸ்பிரிங் கிட் மலிவு, தொல்லையும் குறைவு. ஆனால் அந்த மிதப்புக்காகத்தானே இந்தக் காரை வாங்கினீர்கள்? நானாக இருந்தால் புதுப்பித்த ஸ்ட்ரட் போடுவேன். வலதுபக்கமும் அதே வயதுதான், அதற்கும் பணம் எடுத்து வையுங்கள். அப்புறம், ஆர்.சி. எப்போது முடிகிறது? 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 5 ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். அது நெருங்கியிருந்தால் முதலில் அந்தக் கணக்கைப் பாருங்கள்.