38 டார்பிடோ எங்கே போச்சு?

கேள்வி: ஸ்டார் ட்ரெக் தொடர்களில் விண்கல ஆயுதங்கள் ஒரு வாரம் ஒரு மாதிரி, மறுவாரம் வேறு மாதிரி வேலை செய்கின்றன. பட்டியலே போட்டு வைத்திருக்கிறேன். "கற்பனைக் கதைதானே, இதுல என்ன கணக்கு" என்கிறான் நண்பன். யார் சொல்வது சரி?

பதில்: நான் உங்கள் கட்சிதான். ஆனால் உங்கள் பட்டியலில் பாதியை முதலில் அடித்துவிடுங்கள். ஃபேசர் என்ற ஆயுதம் பாய்ச்சும் கதிர் வெற்றிடத்தில் பக்கவாட்டில் தெரியாது, வெடிச்சத்தம் கேட்காது, எல்லாம் உண்மைதான். பார்க்கிறவருக்குச் சண்டை புரிவதற்காக அப்படிக் காட்டுகிறார்கள். 1991-இல் ஒரு அத்தியாயத்தில் டார்பிடோ (ஏவுகணை மாதிரி பாயும் குண்டு) விடும் குழாயிலிருந்து ஃபேசர் பாய்ந்ததே, அது கிராபிக்ஸ் பிழை, கதைக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. 1966-இல் ஃபேசர் ஆழ்கடல் குண்டு மாதிரி வெடித்ததையும் விடுங்கள். அது நீர்மூழ்கிச் சண்டையை விண்வெளியில் வைத்து எழுதிய கதை, ஃபோட்டான் டார்பிடோவே அப்போது தொடருக்குள் வந்திருக்கவில்லை.

எனக்குக் கோபம் வருவது வாயேஜர் தொடர் மேல். வீட்டிலிருந்து 70,000 ஒளியாண்டு தள்ளி மாட்டிக்கொண்ட கப்பல், திரும்பிப் போக 75 வருஷம். முதல் சீசனிலேயே வாய்விட்டுச் சொல்கிறார்கள்: கையில் இருப்பது 38 ஃபோட்டான் டார்பிடோ, தீர்ந்தால் வேறு கிடையாது. எவ்வளவு நல்ல வசனம் அது! இனி ஒவ்வொரு முறை சுடும்போதும் நமக்கு வயிற்றைக் கலக்க வேண்டும். ஆனால் ஏழு சீசனில் 38-ஐத் தாண்டிச் சுட்டுத் தள்ளிக்கொண்டே போனார்கள். அந்த எண்ணை யாரும் அவர்களிடம் கேட்கவில்லை, அவர்களாகச் சொன்னது. இயற்பியலை மீறினால் எனக்குக் கவலையில்லை, தான் சொன்ன வார்த்தையையே மறந்தால் அப்புறம் கேப்டன் "ஆபத்து" என்று கத்தும்போது நான் ஏன் பயப்பட வேண்டும்?

டீப் ஸ்பேஸ் நைன் என்ற இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரில் 20 கப்பல்கள் ஒரு கிரகத்தைத் தாக்குகின்றன, முதல் சுற்றிலேயே மேலோட்டில் 30 சதவீதம் அழிந்தது என்கிறார் ஒரு அதிகாரி. தொடரின் தொழில்நுட்பக் கையேட்டின்படி ஒரு டார்பிடோவில் அதிகபட்சம் 1.5 கிலோ எதிர்ப்பொருள் (சாதாரணப் பொருளைத் தொட்டால் இரண்டும் அழிந்து ஆற்றலாகிவிடும்), அதாவது சுமார் 64 மெகாடன், 6.4 கோடி டன் டிஎன்டி வெடிப்பதற்குச் சமம். பூமி அளவுள்ள கிரகத்தில் அவ்வளவு பாறையை உருக்குவதென்றால் அந்த மாதிரி பல ஆயிரம் கோடி டார்பிடோ வேண்டும்! இத்தனைக்கும் அந்தக் காட்சிக்குத் தேவையானது, தாக்கியும் அங்கே உயிர் அறிகுறிகள் மாறவில்லை, ஆக இது பொறி என்பது மட்டும்தான். 30 சதவீதம் என்று சொல்லாமல் விட்டிருந்தாலும் அந்தத் திருப்பம் அப்படியே நின்றிருக்கும்.

நண்பரோடு அடுத்த முறை உட்காரும்போது கதிரையும் சத்தத்தையும் பற்றி வாயைத் திறக்காதீர்கள். அந்த 38-ஐ மட்டும் கேளுங்கள்.