கெம்மிக் கணவாய்: ஏறுவது சரி, இறங்குவதைப் பற்றிக் கதைப்போம்

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து சுவிஸின் பேர்ணுக்கு வந்து பத்து மாதம். முதியோர் இல்லத்தில் பாதி நேர வேலை. கூட வேலை செய்பவர்கள் செப்டெம்பர் கடைசிச் சனிக்கிழமை கெம்மி மலைக் கணவாயைக் கடந்து நடக்கப் போகிறார்கள், உங்களையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். 'வாண்டருங்' (நடைப்பயணம்) என்றதும் ஆற்றங்கரையில் உலாத்துவது என்று நினைத்துத் தலையாட்டிவிட்டீர்கள். பிறகு போனில் படத்தைப் பார்த்தால் செங்குத்தாக ஒரு சுவர். கணவர் "உனக்கேன் தேவையில்லாத வேலை" என்கிறார். அன்று புரட்டாதிச் சனி வேறு. போகலாமா, என்ன கொண்டு போவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

போங்கள். நான் இங்கு வந்து இருபத்துநாலு வருடம், அந்தக் கணவாயை ஏழு தரம் கடந்திருக்கிறேன். நானும் மலை ஏறிப் பழகிய ஆள் இல்லை. ஊரில் நான் ஏறிய ஆகப்பெரிய உயரம் கோயில் கிணற்றடிப் படிக்கட்டுத்தான். ஆனால் ஒன்றைச் சொல்கிறேன்: "கான்ஸ் கெமூட்லிஹ்" என்று உங்களிடம் சொல்லியிருப்பார்களே, "ஆறுதலாகப் போகலாம், லேசு" என்ற மாதிரி, அந்தச் சொல்லை நம்ப வேண்டாம். நாலு வயதில் தகப்பனின் தோளிலும் ஆறு வயதில் சொந்தக் காலிலும் மலைக்குப் போனவர்கள் சொல்லும் 'லேசு' வேறு, எங்களுடைய 'லேசு' வேறு. அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு அது உண்மையாகவே லேசு.

போகிற வழியைச் சொல்கிறேன், பயம் பாதி குறையும். பேர்ணிலிருந்து ஷ்பீட்ஸ் வழியாகக் கண்டர்ஸ்டேக், ஒரு மணித்தியாலம் கொஞ்சம் கூட. இங்கேதான் எங்கள் ஆட்கள் பிழை விடுவது. விஸ்ப் போகிற கடுகதி ரயில் 2007இல் திறந்த புதிய சுரங்கத்துக்குள்ளால் போகும், கண்டர்ஸ்டேக்கைத் தொடவே தொடாது. 34 கிலோமீற்றருக்கு மேல் இருட்டுக்குள் ஓடி, மலைக்கு மற்றப் பக்கத்தில்தான் வெளியே வரும். நீங்கள் ஏற வேண்டியது பழைய மலைப்பாதையால் போகிற ரயில். நான் ஒருமுறை மாறி ஏறி, மற்றவர்கள் கணவாயில் நிற்க, விஸ்ப் மேடையில் தனியாகப் பாண் சாப்பிட்டிருக்கிறேன்.

கண்டர்ஸ்டேக் 1,176 மீற்றர். நிலையத்திலிருந்து பஸ்ஸில் பள்ளத்தாக்கின் தொங்கலுக்குப் போய், கேபிள்காரில் சுன்பூயல் என்ற இடத்துக்கு ஏறுவீர்கள். அது கிட்டத்தட்ட 1,930 மீற்றர். ஆக, கஷ்டமான ஏற்றத்தை யந்திரமே உங்களுக்காக ஏறிவிடும். மிச்சம் நீங்கள் நடந்து ஏறுவது ஏறக்குறைய 400 மீற்றர்தான், அதுவும் இரண்டரை மூன்று மணித்தியாலத்தில் மெல்ல மெல்ல. பாதையும் அகலம், விழுந்துவிடுவோம் என்ற யோசனை அந்தப் பக்கத்தில் வராது.

கொஞ்சத் தூரத்தில் ஷ்பிட்டல்மட்டே என்று ஒரு புல்வெளி வரும். வடிவான இடம், படம் எடுக்கத்தான் தோன்றும். இடது பக்கம் கூரை போலச் சரிந்து நிற்கிற மலை அல்ட்டெல்ஸ். 1895 செப்டெம்பர் 11 விடியப்புறம் அந்த மலையில் இருந்த பனிப்பாறையின் ஒரு பெரிய துண்டு அப்படியே கழன்று இந்தப் புல்வெளியில் விழுந்தது. ஆறு பேரும் நூற்றைம்பதுக்கு மேல் மாடுகளும் செத்துப் போனார்கள். எனக்கு இதைச் சொன்னவர் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இருந்த ஒரு தாத்தா, அந்தப் பக்கத்து ஆள். அவருடைய குடும்பத்தில் அந்தக் கதை பேரப்பிள்ளைகள் வரை வந்திருக்கிறது. இப்போது அங்கே பாறைதான் தெரியும், பயப்பட ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தப் புல்லில் கல்லுக் கல்லாகக் கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் கால் கொஞ்சம் வேகமாகத்தான் நடக்கும்.

செப்டெம்பர் கடைசி என்றால் மாடுகளை அநேகமாகக் கீழே இறக்கியிருப்பார்கள். நின்றாலும் தள்ளி நடங்கள். கன்றுக்குட்டியைத் தடவப் போக வேண்டாம், ஊர் மாடு மாதிரி இல்லை, தாய் பாயும். வேலிப்படலையைத் திறந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும். இதில் பிழை விட்டால் சுவிஸ்காரர் முகம் மாறும்.

நடுவழியில் ஸ்வாரன்பாக் என்று ஒரு மலை விடுதி. 1742இல் சுங்கச் சாவடியாகக் கட்டிய வீடு. பேர்ண் மாநிலத்துக்கும் வாலிஸ் மாநிலத்துக்கும் இடையில் சாமான் கொண்டு போனவர்கள் வரி கட்டிய இடம். உங்களுக்கு அதைவிட முக்கியமானது, அங்கே நல்ல கழிப்பறை உண்டு. போய்விட்டுத்தான் மேலே நடக்க வேண்டும். அதற்குப் பிறகு கெம்மி உச்சி வரைக்கும் ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. இதை ஆண்கள் யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன். விரதம் என்றால் அங்கே 'றோஸ்டி' கேளுங்கள், உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்தது. மேலே பன்றி இறைச்சித் துண்டு போடாமல் தரச் சொல்லிச் சொல்ல வேண்டும். சூப் வேண்டாம், மரக்கறி சூப் என்பார்கள், தண்ணீர் எலும்பு அவித்ததாக இருக்கலாம்.

அதன் பிறகு டவுபன்சே. 2,207 மீற்றரில் ஒரு ஏரி. சுற்றிவர மொட்டைப் பாறை, சாம்பல் நிறத் தண்ணீர். இந்த ஏரியிலிருந்து ஒரு ஆறும் வெளியே ஓடாது. வருகிற தண்ணீர் எல்லாம் சுண்ணாம்புப் பாறைக்குள்ளால் நிலத்தடியில் இறங்கிப் போய்விடும். எங்கள் வலிகாமத்துச் சுண்ணாம்புக் கல்லும் அப்படித்தானே, கீரிமலைக்கும் நிலாவரைக்கும் போனவர்களுக்கு இது புதினம் இல்லை. இலையுதிர் காலத்தில் தண்ணீர் வற்றிக் கரை அகலமாகக் கிடக்கும். பாதை அந்தக் கரையோடே தட்டையாகப் போகும். ஒருமுறை எங்கள் பகுதித் தலைவியோடு இந்தக் கரையில் நடந்தேன். வேலையிடத்தில் ஆறு வருடமாக அவர் என்னோடு கதைத்ததைவிட அந்த ஒரு மணித்தியாலத்தில் கதைத்தது கூட. தன் பழைய கணவர், தாயின் வருத்தம், தான் ஏன் பிள்ளை பெறவில்லை என்பது வரை. முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் நடப்பதாலோ என்னவோ இவர்கள் மலையில்தான் வாய் திறக்கிறார்கள். என் டொச் (ஜெர்மன் பேச்சு) அன்று பிழைபிழையாகத்தான் இருந்தது, ஒருவரும் திருத்தவில்லை. எதிரே வருகிற எல்லோரும் 'குருயெசெஹ்' சொல்லுவார்கள், நீங்களும் திருப்பிச் சொல்லுங்கள். பேர்ண் நகரத்தில் தெரியாத ஆளுக்கு வணக்கம் சொன்னால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், மலையில் சொல்லாவிட்டால்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். எல்லைக்கு அப்பால் வாலிஸ்காரர் கதைக்கும் டொச் விளங்கவில்லை என்று கவலை வேண்டாம். பேர்ண்காரருக்கே அது பாதிதான் விளங்கும்.

ஏரி முடிந்து ஒரு சின்ன மேடு. அதுதான் கணவாய், ஏறக்குறைய 2,300 மீற்றர். இருபது அடி முன்னால் போனால் நிலம் முடிந்துவிடும். கீழே லொய்கர்பாட் ஊர் தீப்பெட்டி தீப்பெட்டியாகத் தெரியும், கிட்டத்தட்ட 900 மீற்றர் கீழே. எதிரே வாலிஸ் மலைகள் வரிசையாக. வானம் வெளித்திருந்தால் வைஸ்ஹோர்னும் மற்றர்ஹோர்னும் தெரியும். நீங்கள் போனில் பார்த்துப் பயந்த சுவர் இதுதான்.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம். அந்தச் சுவரில் கொண்டை ஊசி வளைவு வளைவாகப் பாறையை வெட்டி ஒரு பாதை இறங்குகிறது. 1739க்கும் 1741க்கும் இடையில் திரோல் நாட்டு வேலைக்காரர் வெட்டியது. உங்கள் ஆட்கள் அதால்தான் இறங்குவார்கள், இரண்டு மணித்தியாலம். நீங்கள் இறங்க வேண்டாம். பக்கத்திலேயே கேபிள்கார் இருக்கிறது, சில நிமிடத்தில் கீழே விட்டுவிடும். ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது முழங்கால் வாங்கும், அது நின்றாலும் சரியாகாது. அந்தக் காலத்திலேயே இது தெரிந்த கதைதான். 1861இல் ஒரு பிரெஞ்சுப் பிரபுவின் மனைவி அந்தப் பாதையில் குதிரையில் இறங்கும்போது விழுந்து இறந்தார். அதற்குப் பிறகு ஏறும்போது மட்டும்தான் குதிரை, இறங்குகிறவர்கள் நடந்துதான் இறங்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள்.

என் கதையைக் கேளுங்கள். முதல் முறை நானும் வீம்புக்கு நடந்து இறங்கினேன். மலிவு விற்பனையில் வாங்கிய சப்பாத்து, வாங்கி மூன்று நாள்தான். ஏறும்போது சொகுசாக இருந்தது. இறங்கத் தொடங்கினதும் ஒவ்வொரு அடிக்கும் கால் முன்னுக்கு வழுக்கிப் பெருவிரல் போய்ச் சப்பாத்தின் முனையில் இடித்தது. பத்தாவது வளைவில் சப்பாத்தைக் கழற்றிப் பார்த்தேன், சொக்ஸில் இரத்தம். திரும்பி ஏறவும் முடியாது. ஒரு அறுபத்தெட்டு வயது அம்மா, எங்களோடு வந்தவரின் தாய், தன் ஊன்றுதடி இரண்டையும் எனக்குத் தந்துவிட்டு வெறுங்கையோடு ஆடு மாதிரி இறங்கிப் போனார். நான் மூன்றரை மணித்தியாலம் எடுத்தேன், எல்லோரும் எனக்காகக் கடைசி பஸ்ஸுக்கு முதல் பஸ்ஸை விட்டார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கூடுதல் வெட்கம். இரண்டு நகமும் கறுத்து, ஒன்று தீபாவளிக்கு முதல் கழன்று விழுந்தது. திங்கட்கிழமை வேலையிடத்துப் படியில் பின்பக்கமாக இறங்கினேன்.

ஆகவே சப்பாத்துக்கு மட்டும் காசு பார்க்க வேண்டாம். பின்னேரம் போய், தடித்த சொக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள், கால் பின்னேரத்தில் கொஞ்சம் வீங்கியிருக்கும். கடையில் சரிவுப் பலகை இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள், விரல் முன்னுக்கு முட்டக் கூடாது. இன்றைக்கே வாங்கி மூன்று கிழமை கடைக்கும் வேலைக்கும் அதையே போட்டுக்கொண்டு திரியுங்கள். போவதற்கு முதல் நாள் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். ஜக்கெற் ஒன்று, மழைக்கோட் ஒன்று, தொப்பி, கையுறை. பேர்ணில் 18 பாகை என்றால் மேலே 7தான் இருக்கும், காற்றடித்தால் அதுவும் இல்லை. செப்டெம்பர் கடைசியில் அங்கே பனி கொட்டுவதும் உண்டு. காலநிலை சரியில்லை என்று அவர்கள் பயணத்தைத் தள்ளிப் போட்டால் சந்தோஷமாக வீட்டில் இருங்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது.

சாப்பாட்டுக்கு, முதல் முறை நான் செய்த மாதிரி அடுக்குச்சட்டியில் சோறு கறி கட்ட வேண்டாம். உருளைக்கிழங்குப் பிரட்டல் வைத்துச் சுற்றிய ரொட்டி இரண்டு, எள்ளுருண்டை, கச்சான், ஒன்றரை லீற்றர் தண்ணீர், சின்னப் பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணீர். எள்ளுருண்டை கொஞ்சம் கூடக் கொண்டு போங்கள், எல்லோரும் கேட்பார்கள். காலையில் எண்ணெய் எரித்துவிட்டு வெளிக்கிடலாம், ஆனால் ஒருநேரச் சாப்பாடு என்று பட்டினி கிடந்து நடக்க வேண்டாம். விரதத்தை அடுத்த சனி பிடிக்கலாம், சனீஸ்வரன் கோவிக்க மாட்டார்.

மஞ்சள் பலகையில் போட்டிருக்கும் நேரம் இளைப்பாறாமல் நடக்கிற நேரம், நீங்கள் அதோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். வெள்ளை, சிவப்பு, வெள்ளைக் கோடு என்றால் உங்கள் பாதை. வெள்ளை, நீலம், வெள்ளை கண்டால் அது கயிறுகூடத் தேவைப்படக்கூடிய கஷ்டமான பாதை, திரும்பி வாருங்கள். வாலிஸ் பக்கத்தில் ஏதும் நடந்தால் 144. ஒரே முதலாளியிடம் கிழமைக்கு 8 மணித்தியாலமாவது வேலை செய்தால், வேலைக்கு வெளியே நடக்கிற விபத்துக்கும் வேலையிடத்துக் காப்புறுதி பொறுப்பு, உங்களுக்கு அது இருக்கும். அரைக் கட்டண அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் எடுத்துவிடுங்கள், ரயிலும் பஸ்ஸும் பாதிக் காசு, அநேக கேபிள்காரிலும் குறையும்.

கணவருக்கு அன்று லீவு கிடைத்தால் ஒரு வழி இருக்கிறது. அவர் ஒரு அடியும் நடக்கத் தேவையில்லை. விஸ்ப், லொய்க் வழியாக லொய்கர்பாட் வந்து, அந்தப் பக்கத்துக் கேபிள்காரில் ஏறிக் கெம்மி விளிம்பில் தேத்தண்ணீரோடு நிற்கலாம். நீங்கள் ஏரிப்பக்கத்திலிருந்து நடந்து வருவதைப் பார்ப்பார், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து இறங்குங்கள். ஊருக்குள்ளே வெந்நீர்க் குளம் இருக்கிறது, நிலத்திலிருந்து சுடச்சுட வருகிற தண்ணீர். உங்கள் ஆட்கள் நடந்து வந்து சேரும் வரை அதில் இருக்கலாம், குளிக்கிற உடுப்பு மறக்காமல் கொண்டு போனால் சரி.

ஊன்றுதடி வாங்க வேண்டாம். அந்த அம்மாவின் தடியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "வைத்துக்கொள், அடுத்த முறை இன்னொருத்திக்குத் தேவைப்படும்" என்றார். இரண்டும் என் நிலவறையில்தான் இருக்கிறது, பிடி கொஞ்சம் தேய்ந்திருக்கும். வெள்ளிக்கிழமைக்கு முதல் வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.