பீஸ்ட்டுக்கு முன் பத்து வாரம்

கேள்வி: என் மகளுக்கு 18 வயது. வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியில் இடம் கிடைத்திருக்கிறது. கோடைத் தொடக்கத்தில் சேர வேண்டும், இன்னும் பத்து வாரம்தான் இருக்கிறது. எங்கள் இரண்டு குடும்பங்களிலும் ராணுவத்துக்குப் போனவர்கள் யாரும் இல்லை. முதல் கோடைப் பயிற்சிக்கு 'பீஸ்ட்' என்றே பெயராம், கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அவளோ தினமும் காலையில் 40 பவுண்டு பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஓடுகிறாள். ராத்திரி காலில் ஐஸ் வைத்துக்கொள்கிறாள், என்ன என்று கேட்டால் கோபம் வருகிறது. பள்ளியில் எப்போதும் முதலிடம். இதுவரை யாரும் அவளை அதட்டியதுகூட இல்லை. அங்கே முகத்துக்கு நேரே கத்துவார்களாமே, தாங்குவாளா? முட்டை சாப்பிடுவாள், மற்ற அசைவம் தொட மாட்டாள். நாங்கள் எப்படித் தயார் செய்து அனுப்புவது?
– ஒரு தாய், நியூ ஜெர்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் வாழ்த்து. அடுத்து ஒரு வேண்டுகோள்: மீதியைப் படிப்பதற்கு முன்னால் அந்த 40 பவுண்டு பையை இறக்கி வைக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.

கத்துவார்களா, தாங்குவாளா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன். என்னை உறுத்தியது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஐஸ் சமாச்சாரம்தான். சுமை கூடினால் எலும்பு தன்னை உறுதியாக்கிக்கொள்ளும், உண்மை. ஆனால் அது வேலை செய்யும் விதம் நம் வீட்டு மராமத்து மாதிரி. முதலில் பழையதை இடிக்கும், பிறகுதான் புதியதைக் கட்டும். இடித்ததற்கும் கட்டுவதற்கும் இடையே சில வாரம் எலும்பு முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். அந்த நேரத்தில் தினமும் சுமையோடு ஓடினால் மயிரிழை அளவுக்கு விரிசல் விழும். ராணுவ அடிப்படைப் பயிற்சிகளில் இந்த விரிசல் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் என்பது நெடுநாளாகத் தெரிந்த விஷயம். கால் முழுக்கப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் தசை வலி. 'இங்கேதான்' என்று ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலி என்றால் இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். போகும்போது இரும்புச்சத்தும் வைட்டமின் டி-யும் எவ்வளவு இருக்கின்றன என்று ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், அசைவம் அதிகம் சாப்பிடாத பெண் என்பதால் சொல்கிறேன். வலி மாத்திரை போட்டு மறைத்துக்கொண்டு ஓட விடாதீர்கள். ஜூனில் மறைத்த வலி ஜூலையில் தானே வெளியே வரும், அப்போது அவள் உங்கள் பக்கத்தில் இருக்க மாட்டாள்.

அப்படியானால் பயிற்சியே வேண்டாமா? வேண்டும். வாரத்துக்கு மூன்று நான்கு நாள் ஓட்டம் போதும், அதில் ஒரு நாள் மட்டும் வேகமாக. தண்டால், புல்-அப், வயிற்றுப் பயிற்சி இவை ஒருநாள் விட்டு ஒருநாள். சுமை தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால், வலி முழுக்கப் போன பிறகு, வாரம் ஒருமுறை, லேசான பையோடு நடக்கட்டும். பையோடு ஓடவே கூடாது. சுமையோடு நடப்பதை அங்கேயே படிப்படியாகச் சொல்லித் தருவார்கள். கோடையின் கடைசியில் 12 மைல் நடந்து முகாமிலிருந்து அகாடமிக்குத் திரும்புவதற்கு 'மார்ச் பேக்' என்று பெயர். ஆறு வாரப் பயிற்சியின் கடைசியில் நடக்க வேண்டிய நடையை இப்போதே நடந்துவிடத் துடிப்பது படிப்பில் முதலிடம் வாங்கும் பிள்ளைகளின் பழக்கம். பாடம் நடத்துமுன்னே படித்து முடித்துவிடுவார்கள். இங்கே அது செல்லாது. உச்ச நிலையில் போவது முக்கியமில்லை, காயமில்லாமல் போவதுதான் முக்கியம். கடைசி வாரம் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து நன்றாகத் தூங்கட்டும்.

பூட்ஸ் விஷயம் வேறு. அதை முன்கூட்டியே அணிந்து காலுக்குப் பழக்கியே ஆக வேண்டும். என் அக்கா மகன் சில வருடங்களுக்கு முன் இதே பயிற்சிக்குப் போனான். ஏப்ரலிலேயே பூட்ஸ் வாங்கி, பளபளப்பு கெடக் கூடாது என்று பெட்டியிலேயே வைத்திருந்தான். முதல் வாரத்தில் இரண்டு குதிகாலும் உரிந்து, பாதிக் கோடையை நொண்டியே கழித்தான். உங்கள் மகள் அதைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போகட்டும், பாத்திரம் கழுவட்டும். அங்கே போடப்போகும் அதே தடிமனான சாக்ஸோடு போட வேண்டும். எங்காவது சூடாக உறுத்தினால் கொப்புளம் வருமுன் நின்று டேப் ஒட்டப் பழகட்டும். 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்று நடப்பவர்களுக்குத்தான் கொப்புளம் வரும்.

வெயிலுக்கு உடம்பு பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். பழகிய பிறகு ஏசி அறையிலேயே இருந்தால் சில வாரத்தில் அந்தப் பழக்கம் போய்விடும். எனவே கிளம்புவதற்கு முந்தைய இரண்டு வாரம், பயிற்சியில் ஒரு பகுதியைக் காலைக் குளிரில் இல்லாமல் மாலை வெயிலில், மெதுவாக, தனியாக இல்லாமல் செய்யட்டும். தண்ணீர் நிறையக் குடி என்று நாம் எல்லோரும் சொல்வோம். அதற்கும் அளவு உண்டு. ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை குவார்ட், அதாவது சுமார் 1.4 லிட்டருக்கு மேல் கூடாது என்பது அமெரிக்க ராணுவத்தின் விதி. மிதமிஞ்சிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம், வலிப்பு வரைக்கும் போகும். வெயிலில் மயங்கி விழுந்தவரைப் போலவே தெரிவதால் இன்னும் தண்ணீர் கொடுத்துவிடும் ஆபத்தும் உண்டு.

சரி, கத்துவதற்கு வருவோம்.

சேரும் நாளுக்கு 'ஆர்-டே' (ரிசப்ஷன் டே, வரவேற்பு நாள்) என்று பெயர். பெற்றோரோடு ஓர் அரங்கில் உட்கார வைத்து, விடைபெற ஒன்றரை நிமிடம் தருவார்கள், சில சமயம் அதுகூட இல்லை. அன்றைக்கே உடை மாறும், பையன்களுக்கு முடி போகும். பிறகு சிவப்பு இடுப்புக்கச்சை கட்டிய மூத்த மாணவர் ஒருவர் முன்னால் போய் நிற்க வேண்டும். கோடு வரைக்கும் வா, கோட்டின் மேல் நிற்காதே, கோட்டைத் தாண்டாதே என்பார். சொன்னதைச் சொன்னபடி திருப்பிச் சொல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. புதியவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட பதில்கள் நான்கே நான்கு: 'யெஸ், சார்', 'நோ, சார்', 'நோ எக்ஸ்க்யூஸ், சார்', 'சார், எனக்குப் புரியவில்லை'. எதிரில் நிற்பவர் பெண் என்றால் சாருக்குப் பதில் மேம். மாலையில் எல்லோரும் வரிசையில் நின்று உறுதிமொழி எடுப்பார்கள். காலையில் நீங்கள் கொண்டு வந்து விட்ட பெண்ணை அந்த வரிசையில் உங்களால் அடையாளம் கண்டுபிடிக்க முடியாது.

அந்த நான்கு பதில்களில் உங்கள் மகளுக்குக் கஷ்டமாக இருக்கப்போவது மூன்றாவது என்று நினைக்கிறேன். ஏன் ஷூ பளபளப்பாக இல்லை என்று கேட்டால் நமக்கெல்லாம் காரணம் சொல்ல வரும். அவளிடம் நியாயமான காரணமே இருக்கலாம், ரூம் தோழி பாலிஷ் டப்பாவைக் கவிழ்த்திருக்கலாம். இருந்தாலும் பதில் 'நோ எக்ஸ்க்யூஸ்'தான். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு விளக்கம் சொன்னால் ஆசிரியர் புரிந்துகொள்வார் என்ற நம்பிக்கை ஊறிப்போயிருக்கும். அந்த நம்பிக்கையை வீட்டிலேயே கொஞ்சம் தளர்த்துங்கள். அடுத்த பத்து வாரம் அவளிடம் ஏதாவது தவறினால் விளக்கம் கேட்காதீர்கள், விளக்கத்தைக் கேட்டுக்கொண்டும் உட்காராதீர்கள். 'சரி, இப்போது செய்' என்று மட்டும் சொல்லுங்கள். வீட்டில் நீங்கள் கத்திப் பழக்க வேண்டாம், அம்மா கத்துவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மனப்பாடமும் உண்டு, அகாடமியைப் பற்றிய கேள்வி-பதில்கள். அங்குள்ள லஸ்க் நீர்த்தேக்கத்தில் தண்ணீர் எவ்வளவு? மதகு வழிந்தால் 7 கோடியே 80 லட்சம் காலன். கல்லம் ஹால் என்ற கட்டிடத்தில் விளக்கு எத்தனை? 340. இதெல்லாம் எதற்கு என்று கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. ஆனால் தமிழ்ப் பள்ளியில் ஒப்பித்தல் போட்டிக்கு நின்ற பிள்ளைகளுக்கு இது புதிதில்லை. ஒரே வித்தியாசம், இங்கே நடுவர் மூக்குக்கு நாலு அங்குலத்தில் நிற்பார். அப்படி ஒருவர் நிற்கும்போது தெரிந்ததும் மறக்கும். எனவே நின்ற இடத்தில் படிக்காமல், தண்டால் எடுத்துக்கொண்டே ஒப்பிக்கட்டும், நடுவில் நீங்கள் குறுக்கே வேறு ஏதாவது கேளுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடர வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

அங்கே மனப்பாடம் செய்யச் சொல்லும் பகுதிகளில் ஒன்று, 1879 ஆகஸ்ட் 11 அன்று அப்போது அகாடமியின் தலைவராக இருந்த ஜெனரல் ஸ்கோஃபீல்ட் அங்குள்ள கேடட்டுகளிடம், அதாவது மாணவர்களிடம், பேசியது. சுதந்திர நாட்டின் வீரர்களைப் போரில் நம்பகமானவர்களாக ஆக்கும் ஒழுங்கு, கடுமையாலும் கொடுமையாலும் வராது என்பது அதன் சாரம். இதைப் பதினெட்டு வயதுப் பிள்ளை கத்திக் கத்தி ஒப்பிக்க வேண்டும் என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் பயத்துக்கு அதில் பதிலும் இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே புதியவர்களை மிக மோசமாக வதைத்தார்கள். 1901-இல் அமெரிக்க நாடாளுமன்றமே விசாரித்தது, அப்போது கேடட்டாக இருந்த, பின்னாளில் புகழ்பெற்ற ஜெனரலான டக்ளஸ் மெக்ஆர்தரும் சாட்சி சொன்னார். இன்று அந்த மாதிரி வதை விதிப்படி குற்றம். கத்துவதும் தண்டால் எடுக்கச் சொல்வதும் பயிற்சி. அடிப்பது, அவமானமாகத் தொடுவது, சாப்பாட்டை மறுப்பது பயிற்சி இல்லை. இந்த இரண்டுக்கும் உள்ள கோட்டை மகளிடம் இப்போதே தெளிவாகப் பேசிவிடுங்கள். அதைத் தாண்டினால் 'நோ எக்ஸ்க்யூஸ்' சொல்லக் கூடாது, மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் சொல்லுங்கள். கத்துகிறவருக்கு இருபது, இருபத்தொரு வயது இருக்கும். சில வருடங்களுக்கு முன் இதே கோட்டின் முன்னால் நின்று தானும் திக்கியவர்தான். கோடையின் பாதியில் பயிற்சி தரும் அந்த மூத்த மாணவர் அணி போய் வேறு அணி வரும், ஒருவரிடம் சரியாக அமையாவிட்டாலும் அதோடு முடிந்தது.

அவளுக்கு உண்மையில் தேவைப்படும் தயாரிப்பு வேறு. அந்த ஆறு வாரத்தில் கொடுக்கும் வேலைகள் கொடுக்கும் நேரத்துக்குள் அடங்காது. அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். எதை முதலில் செய்வது, எதை விடுவது, யாரிடம் உதவி கேட்பது என்று தீர்மானிக்க வைப்பதுதான் நோக்கம். வாழ்க்கை முழுக்க எல்லாவற்றையும் முடித்தே பழகிய பெண், தன் கட்டிலைச் சரிசெய்து, தன் அலமாரியை அடுக்கி, தன் பாடத்தை ஒப்பித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், பக்கத்துக் கட்டில் அலங்கோலமாக இருப்பதற்காக இருவருக்கும் சேர்த்துத் திட்டு விழும். அப்போதுதான் அவளுக்கு அதிர்ச்சி. என் அக்கா மகன் சொன்னான், தன்னைவிட நன்றாக ஓடியவர்கள் அழுதார்களாம், தோற்றுத் தோற்றுப் பழகியவர்கள் சிரித்துக்கொண்டே கடந்தார்களாம். அதனால் இந்தப் பத்து வாரத்தில் அவளுக்குச் சுத்தமாக வராத ஒன்றில் சேர்த்துவிடுங்கள். நடனம், சதுரங்கம், எதுவானாலும். நாலு பேர் முன்னால் சொதப்பிவிட்டு மறுநாளும் அதே இடத்துக்குப் போகப் பழக வேண்டும். நீச்சல் தெரியாது என்றால் நீச்சலையே எடுத்துக்கொள்ளலாம், பிறகு அங்கே கட்டாயப் பாடமாக வருகிறது.

சாப்பாடு பெரிய பிரச்சினை இல்லை. உணவுக்கூடத்தில் முட்டை, பால், பருப்பு வகை கிடைக்கும், களப்பயிற்சியில் தரும் பொட்டல உணவிலும் சைவ வகை உண்டு. ஆனால் வேகமாக, பிடிக்காததையும் சாப்பிட வேண்டியிருக்கும். ஒரு வேளையையும் தவிர்க்கக் கூடாது. முடியை வெட்ட வேண்டியதில்லை, இருட்டில் இரண்டு நிமிடத்தில் கலையாத கொண்டை போட வந்தால் போதும். கண்ணாடி போடுபவள் என்றால் கான்டாக்ட் லென்ஸை மறந்துவிடட்டும், கண்ணீர்ப்புகை அறைக்குள் போகும் பயிற்சி உண்டு.

கடைசியாக உங்களுக்கு. போனை வாங்கி வைத்துவிடுவார்கள், கடிதம்தான். முதல் கடிதம் பெரும்பாலும் 'என்னை வந்து கூட்டிப்போங்கள்' என்றுதான் வரும். அது உங்கள் கைக்கு வருவதற்குள் அதை எழுதிய நாள் முடிந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். அவள் விருப்பத்துக்கு விரோதமாக மாட்டிக்கொள்ளவில்லை என்பது நினைவிருக்கட்டும். முதல் இரண்டு ஆண்டுக்குள் விலகினால் ராணுவத்தில் பணியாற்றும் கட்டாயம் இல்லை, மூன்றாம் ஆண்டு தொடங்கிய பிறகுதான் அந்தக் கடமை ஏற்படுகிறது. ஆனால் அந்த முடிவை ஜூலையில், தூக்கம் கெட்ட நாளில் எடுக்க வேண்டாம், முதல் செமஸ்டர் முடியட்டும் என்று இப்போதே இருவரும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். கோடைப் படங்கள் இணையத்தில் வரும். நள்ளிரவு வரை ஆயிரம் படங்களில் மகள் முகத்தைத் தேடுவீர்கள், கிடைத்ததும் 'சிரிக்கவே இல்லையே' என்று அழுவீர்கள். சிரித்திருந்தால் அவளுக்குத் திட்டு விழுந்திருக்கும்.

நீங்கள் தினமும் எழுதுங்கள், அரைப் பக்கம் போதும். உங்கள் கவலையை எழுதாதீர்கள், தம்பி எதை உடைத்தான், பக்கத்து வீட்டில் என்ன சண்டை என்று எழுதுங்கள். தின்பண்டம் வைக்காதீர்கள். உங்கள் வீட்டு முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய உறைகள் ஒரு டஜன் அவள் பையிலேயே போட்டு அனுப்புங்கள், எழுத நேரம் கிடைக்கும்போது உறை தேடிக்கொண்டிருக்க வேண்டாம். நீங்கள் எழுதும் கடிதத்தின் முகவரியில் அவள் பெயரோடு எந்தக் கம்பெனி, அதற்குள் எந்தப் பிளட்டூன் (அவள் இருக்கும் படைப்பிரிவும் அதன் உட்பிரிவும்) என்பதையும் எழுத மறக்காதீர்கள், இல்லாவிட்டால் உங்கள் கடிதம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தபாலுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும்.